பால்ச்சாமியின் பொருளறிவு

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. மூன்றாவது பெரிய கண்டுபிடிப்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மே மாதம், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் வைத்து இருபத்திரண்டு பேருக்கு வழங்கப்பட்டது. அதன் பெயர் ‘புராடக்ட் நாலெட்ஜ்’. தமிழில் பொருளறிவு என்று வைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு கண்டுபிடிப்புகளுக்கும் சான்றிதழ் கிடையாது. இதற்கு உண்டு.

இந்த அறிவு கிட்டுவதற்கு முன், பால்ச்சாமி ராஜபாளையம் கோமதி ரேடியோ ஹவுஸில் எட்டு வருடமாக மிக்ஸி விற்றுக்கொண்டிருந்த சாதாரண மனிதர். மிக்ஸி விற்க அறிவு தேவையில்லை. ஊறவைத்த உளுந்தை ஜாரில் போட்டுத் திருகினால் அரைக்கும். அரைத்தால் வாங்குவார்கள், அரைக்காவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி ஒரு பிற்போக்கான முறையில்தான் அதுவரை அந்த ஊரில் வியாபாரம் நடந்துவந்தது. செல்போன் வந்துதான் அதற்கு ஒரு விமோசனம் பிறந்தது.

‘முகில் செல்’ என்ற கம்பெனி, கடைக்கு இரண்டு பேரை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பச் சொல்லிக் கடிதம் போட்டது. முதலாளி சௌந்தரபாண்டியன் தீவிரமாக யோசித்தார். முழுக்கை வெள்ளைச் சட்டை வைத்திருந்த காரணத்தால் பால்ச்சாமியைத் தேர்ந்தெடுத்தார். முன்பு நாலு வருடம் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த காரணத்தால் ஜெயபாயைத் தேர்ந்தெடுத்தார். போனைப் பற்றித் தெரிந்த ஒருவரை போன் விற்கும் பயிற்சிக்கு அனுப்புவது எத்தனை பெரிய தவறு என்பது முதல் நாள் காலையிலேயே விளங்கிவிட்டது.

பயிற்சியாளர் வைகுண்டராஜ் மதுரையிலிருந்து வந்திருந்தார். மே மாத வெயிலில் கழுத்தில் டை. பந்திப் பாய் விரிக்கிற இடத்தில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: “நான் உங்களுக்கு விக்கச் சொல்லிக்கொடுக்க வரலை. உங்களை மாத்த வந்திருக்கேன்.” பால்ச்சாமிக்கு அந்தக் கணமே தான் மாறத் தொடங்கிவிட்டதாகத் தோன்றியது. நோட்டில் எழுதிக்கொண்டார்.

பயிற்சிக்கு உண்மையான போன் கொண்டுவரப்படவில்லை. அது விலை உயர்ந்தது, விற்கிறவர்கள் தொட்டால் கைரேகை படும். அதற்குப் பதிலாக ‘டம்மி’ ஒன்று வந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லாத பிளாஸ்டிக். முகப்பில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் சிக்னல் கோடுகள் ஐந்தும் நிமிர்ந்து நின்றன. மழை வந்தாலும் கரண்டு போனாலும் அந்தக் கோடுகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. இருபத்திரண்டு பேரும் அதைக் கைமாற்றிக் கைமாற்றிப் பதினாறு வசதிகளை மனப்பாடம் செய்தார்கள். பாம்பு விளையாட்டு, கால்குலேட்டர், நூறு பேரின் நம்பர் எழுதிவைக்கும் நோட்டு, ஏழு விதமான மணியோசை என்று அந்தப் பட்டியல் நீண்டது.

ஜெயபாய் எழுந்தாள்.

“சார், ராயபாளையத்துல டவர் எங்க இருக்கு?”

“நல்ல கேள்வி. உக்காருங்க.”

ஜெயபாய் உட்கார்ந்தாள். பதில் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். எட்டாவது வசதி வந்தது. மறுபடியும் எழுந்தாள்.

“டவர் இல்லாட்டா போன் எப்படி சார் எடுக்கும்?”

“உங்க பேரு?”

“ஜெயபாய்.”

“மிஸ் ஜெயபாய், நாம இங்க படிக்கிறது புராடக்ட் நாலெட்ஜ். டவர்ங்கிறது நெட்வொர்க் நாலெட்ஜ். அது வேற டிபார்ட்மென்ட். அடுத்த டிபார்ட்மென்ட் விஷயத்துல நாம மூக்கை நுழைக்கக் கூடாது.”

“அந்த டிபார்ட்மென்ட்டுக்கு எங்க சார் பயிற்சி?”

வைகுண்டராஜ் டையைத் தளர்த்திக்கொண்டார். “டீ வந்தாச்சு, எல்லாரும் எந்திரிங்க” என்றார்.

மூன்றாம் நாள் பரீட்சை. கடைசிக் கேள்வி: ‘டவர் உண்டா என்று வாடிக்கையாளர் கேட்டால் என்ன செய்வீர்கள்?’ பால்ச்சாமி எழுதினார்: ‘புன்னகை செய்வேன். பிறகு பாம்பு விளையாட்டைக் காட்டுவேன்.’ முழு மதிப்பெண். ஜெயபாய் எழுதியது: ‘இல்லை என்று சொல்வேன்.’ இருபத்திரண்டு பேரில் தோற்றவள் அவள் ஒருத்திதான். ‘எதிர்மறை மனப்பான்மை’ என்று சிவப்பு மையில் குறிப்பு வேறு. பால்ச்சாமிக்குச் சால்வை போர்த்தி, சான்றிதழ் கொடுத்து, அரைக் கிலோ பால்கோவாவும் கொடுத்தார்கள். ஜெயபாய் மிக்ஸிப் பக்கத்துக்கு மாற்றப்பட்டாள்.

ராஜபாளையத்தின் பெரிய மனிதர்கள் செல்போனை வரவேற்ற விதம் போற்றத்தக்கது. அருகில் டவர் இருந்த ஊர் மதுரைதான். அது எண்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. ஒரு பஞ்சாலை முதலாளி போன் வாங்கிய நாளிலிருந்து சனிக்கிழமைதோறும் காரில் மதுரைக்குப் போனார். அங்கே ஒரு ஓட்டல் வாசலில் நின்று, ராஜபாளையத்தில் இருக்கும் வீட்டு போனுக்குக் கூப்பிட்டு, “இன்னைக்கு என்ன கொழம்பு?” என்று சத்தமாகக் கேட்டார். கேட்டுவிட்டுத் திரும்பி வந்து அந்தக் குழம்பைச் சாப்பிட்டார். மற்ற நாட்களில் போன் அவர் சட்டைப் பையில் தலையை நீட்டிக்கொண்டு இருந்தது. பைக்குள் இருப்பது வெளியே தெரிகிற மாதிரி மெல்லிசான துணியில் அவர் நாலு சட்டை தைத்துக்கொண்டதாகக் கேள்வி.

ஆனால் எல்லாரும் இப்படிப் பெருந்தன்மையாக இருந்துவிடவில்லை. போன் வாங்கிய ஏழு நாளைக்குள் “மணியே அடிக்கல” என்று மூன்று பேர் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கம்பெனி விதிப்படி, ஏழு நாளைக்குள் திரும்பி வந்தால் அது விற்பனை ஆகாது. ஏழு நாளைக்குள் ஒருமுறையாவது மணி அடித்திருந்தால் கடை பொறுப்பல்ல. பால்ச்சாமி இந்த விதியை ஆழ்ந்து படித்தார். தூங்காமல் படித்தார் என்றே சொல்லலாம். கம்பெனி சொல்லிக்கொடுத்த பதினாறு வசதிகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, பதினான்காவதில் வந்து நின்றார். அது அலாரம்.

ஒருமுறை வைத்துவிட்டால் அது தினமும் அதே நேரத்துக்கு அடிக்கும். அழைப்பு மணிக்கும் அலார மணிக்கும் ஒரே ஓசையைப் போட்டுவிடலாம். பச்சைப் பொத்தானை அமுக்கினால் நின்றுவிடும். வாடிக்கையாளர் ‘ஹலோ’ என்பார். எதிர்முனையில் யாரும் பேசமாட்டார்கள். யாரோ கூப்பிட்டார்கள், லைன் சரியில்லை என்று திருப்தி அடைவார். மணி அடித்ததா, அடித்தது. விஷயம் முடிந்தது. இந்த முறைக்குப் பிறகு ஒரு போன்கூடத் திரும்பி வரவில்லை. கம்பெனியிலிருந்து வைகுண்டராஜ் நேரில் வந்து பால்ச்சாமியின் கையைக் குலுக்கி, இதற்கு ‘விற்பனைக்குப் பிந்திய சேவை’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்.

ஜூன் முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, கூமாப்பட்டியிலிருந்து வெள்ளத்தாய் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். கறவை மாட்டை விற்றுவிட்டு நேராக வந்ததால் கையில் மாட்டுக் கயிறு இருந்தது. அவளுடைய ஒரே மகன் சிவனாண்டி பட்டாளத்தில் இருந்தான். அந்தக் கோடையில் வடக்கே மலையில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தினமும் பேப்பரில் கொடி போர்த்திய சவப்பெட்டிகளின் படம் வந்தது.

“தம்பி, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு எம் மவன் புதுப்பட்டி பூத்துக்கு அடிப்பான். நான் நடந்து போயி ஒக்காந்திருப்பேன். மத்த நாள் அவனுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரியாதுல்ல. வீட்டுலயே அடிக்குத போன் இருக்காம்லா. அவன் கொரல மட்டும் கேட்டாப் போதும். இதுல கேக்குமா?”

பால்ச்சாமிக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. பயிற்சி நோட்டில் உறுத்தலுக்கென்று ஒரு பக்கம் இருந்தது. மூச்சை நன்றாக இழுத்து விட்டு, அடுத்த வசதிக்குப் போக வேண்டும். அவர் மூச்சை இழுத்து விட்டார். அன்றைக்கு அந்த போனை விற்றால் பத்தாவது போன். பத்து விற்றவருக்கு ‘சேல்ஸ் எக்ஸிகியூட்டிவ்’ என்று அட்டை அடித்துக் கொடுப்பதாகக் கம்பெனி சொல்லியிருந்தது.

“தாராளமா கேக்கும்மா. இதுல பாம்பு வெளாட்டு இருக்கு பாருங்க.”

“பாம்பு எதுக்குய்யா? எங்க காட்டுலயே கெடக்கு. இந்தப் போனு பதினோரு மணிக்கு அடிக்குமா, அதச் சொல்லு.”

“டாண்ணு அடிக்கும்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மிக்ஸிப் பக்கத்திலிருந்து ஜெயபாய் இறங்கி வந்துவிட்டாள். முதலாளி கல்லாவில் இருக்கிறார் என்பதையும் பார்க்கவில்லை. “யம்மா, இது ஒங்க ஊர்ல எடுக்காது. ராயபாளையத்துலயே எடுக்காது. வாங்காதீய” என்றாள்.

வெள்ளத்தாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சுவரில் சட்டம் போட்டுத் தொங்கிய சான்றிதழைப் பார்த்தாள். படிக்கத் தெரியாவிட்டாலும் தங்க நிற முத்திரை தெரிந்தது.

“இது ஆருது?”

“எனக்குக் கொடுத்ததும்மா. பரீட்சை எழுதி வாங்குனது” என்றார் பால்ச்சாமி அடக்கமாக.

“நீயும் எழுதுனியா தாயி?”

“எழுதுனேன்” என்றாள் ஜெயபாய்.

“பாஸா?”

“பெயில்” என்றாள் ஜெயபாய்.

“பெயிலானவ செத்த நேரம் சும்மா இரு தாயி. பாஸானவிய சொல்லட்டும்” என்றாள் வெள்ளத்தாய். முதலாளி சௌந்தரபாண்டியன் கல்லாவிலிருந்து ஒரு செருமல் செருமினார். ஜெயபாய் மிக்ஸிகளிடம் திரும்பிப் போனாள்.

பால்ச்சாமி படிவத்தை நிரப்பினார். ‘நெருங்கிய உறவினர்’ என்ற இடத்தில் சிவனாண்டியின் பெயரையும் பட்டாள விலாசத்தையும் எழுதினார். “இந்த நம்பர அவனுக்கு ஆரு சொல்லுவா?” என்று வெள்ளத்தாய் கேட்டாள்.

“ஃபாரத்துல எழுதியாச்சும்மா. இனி கம்பெனி பாத்துக்கிடும்.”

ஃபாரத்தில் எழுதியாகிவிட்டது என்றதும் அவளுக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது. ரேஷன் கார்டு முதல் மகனைப் பட்டாளத்தில் சேர்த்தது வரை எல்லாம் ஃபாரத்தில் எழுதித்தானே நடந்தது. பச்சைப் பொத்தானை எப்படி அமுக்குவது என்று மூன்று தடவை செய்து பார்த்துப் பழகிக்கொண்டாள். அவள் அந்தப் பக்கம் திரும்பி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்ட நேரத்தில், பால்ச்சாமி பதினான்காவது வசதியைத் திறந்து, காலை பதினோரு மணி என்று வைத்து, போனைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

ஏழு நாள் கழிந்தது. அவள் வரவில்லை. அட்டை வந்தது.

இருபத்தேழு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை வந்தாள். ஒரு பை நிறைய மாம்பழம். கடைக்குள் நுழையும்போதே முகம் மலர்ந்திருந்தது. பால்ச்சாமி ஏழு நாள் விதி இருந்த தாளைக் கையில் எடுத்தார். பழத்தைப் பார்த்ததும் கீழே வைத்தார்.

“நல்லா இரு தம்பி. ஒன் புண்ணியத்துல எம் மவன் தெனமும் கூப்பிடுதான். பதினோரு மணின்னா ஒரு நிமிசம் தப்புதது இல்ல.”

முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். “பாத்தியளா” என்று கடைக்கு வந்திருந்த மற்றவர்களிடம் பொதுவாகச் சொன்னார்.

“என்னம்மா சொல்லுதாரு மகன்?” என்று பால்ச்சாமி கேட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

“அவன் பேச மாட்டேங்கான். பேசுனா எதிராளிக்கு எடம் தெரிஞ்சிரும்லா, அதான் உத்தரவு போட்டிருப்பாவ. நான்தான் பேசுவேன். கெணத்துல தண்ணி வந்ததச் சொன்னேன். அத்த மவள வேற எடத்துல கெட்டிக் கொடுத்துட்டாவன்னு சொன்னேன். பட்டாளத்துக்குப் போகாதலேன்னு நான் வஞ்சு, அவனும் மூஞ்சியத் தூக்கிட்டுப் போனான். அதுக்குப் பொறவு பூத்துல பேசும்போதெல்லாம் நாலு பேரு நிப்பாவ, மனசு விட்டுப் பேச முடியாது. இப்பத்தான் சொன்னேன். ஆத்தா வஞ்சத மனசுல வச்சுக்கிடாதய்யான்னு. செத்த நேரம் சத்தமே இல்ல. அழுதான்போல.”

வெள்ளத்தாய் போனை மடியிலிருந்து எடுத்து, சுற்றியிருந்த துணியை விலக்கி, மேசைமேல் பதவிசாக வைத்தாள்.

“ஒரே ஒரு சந்தேகம் தம்பி. நான் பேசுதது அவனுக்குக் கேக்குதான்னு மட்டும் பாத்துச் சொல்லு.”

பால்ச்சாமி போனைக் கையில் எடுத்தார். முன்னே பார்த்தார், பின்னே பார்த்தார். “நல்லாக் கேக்கும்மா. ஒலிவாங்கி சுத்தமா இருக்கு” என்றார். பயிற்சி வீண்போகவில்லை.

“யம்மா, ஞாயித்துக்கெழம பூத்துக்குப் போனியளா?” என்று மிக்ஸிப் பக்கத்திலிருந்து ஜெயபாய் கேட்டாள்.

“எதுக்கு? வீட்டுக்கே போன் வருதுல்ல.”

ஜெயபாய் வந்தாள். முதலாளி மேசைமேல் இருந்த சாதாரண போனை, அனுமதி கேட்காமல் எடுத்தாள். மாவட்டத்துப் பூத்துக்காரர்கள் நம்பரெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பதினாறு வசதிகளில் ஒன்றுகூட இல்லாத அந்தக் கருப்பு போனில் ஸ்பீக்கர் மட்டும் உண்டு. அதைப் போட்டுவிட்டு, புதுப்பட்டிக்கு அடித்தாள்.

“குருசாமி அண்ணாச்சியா? கூமாப்பட்டி வெள்ளத்தாயம்மா இங்க இருக்காவ.”

“ஏட்டி வெள்ளத்தாய்” என்றது ஸ்பீக்கர். “எங்கட்டி போய்த் தொலஞ்ச? மூணு ஞாயித்துக்கெழமையா ஒம் மவன் கூப்பிட்டான். ஆள் விட்டா, பூத்துக்காரனுக்கு யாவாரம் போன வயித்தெரிச்சல்னு சொல்லி அனுப்புத. நேத்துக்கு முந்தின ஞாயிறு என்ன சொன்னான் தெரியுமா? மலை மேல ஏத்துதாவளாம். அங்க போன் கெடையாதாம். ஆத்தா கொரல ஒரு வார்த்த கேட்டுட்டுப் போறேன், கூட்டியாங்க மாமான்னான். வச்சுட்டு வச்சுட்டு நாலு வாட்டி அடிச்சான். நேத்து அவன் கிட்டேருந்து போன் வரல. நீ எங்க இருந்த?”

எங்கே இருந்தாள் என்று கடையில் எல்லாருக்கும் தெரியும். பதினோரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து மகனோடு பேசிக்கொண்டிருந்தாள்.

ஜெயபாய் போனை வைத்தாள். வெள்ளத்தாய் அழவில்லை. கணக்குப் புரியாத ஒருத்தி திரும்ப ஒருமுறை கேட்கிற மாதிரி, பால்ச்சாமியிடம் மெதுவாகக் கேட்டாள்:

“அப்ப பதினோரு மணிக்கு என்னையக் கூப்பிட்டது ஆரு?”

“அது அலாரம்மா.”

“அலாரம்னா?”

“கடிகாரம் அடிக்கும்லா, அது மாதிரி. இதுல உள்ள ஒரு வசதி.”

“கடிகாரமா.” அவள் கொஞ்ச நேரம் அந்த போனையே பார்த்தாள். “அம்புட்டையும் கடிகாரத்துக்கிட்டயா சொன்னேன்?”

பால்ச்சாமி போனை மேசைமேல் வைத்தார்.

“அத ஆரு வச்சது தம்பி?”

இந்தக் கேள்வி பரீட்சையில் வரவில்லை. பால்ச்சாமி புன்னகை செய்யப் பார்த்தார். அது வரவில்லை. மறுபடி முயன்றார். முதலாளி சௌந்தரபாண்டியன் குறுக்கே வந்து, “யம்மா, ஏழு நாள் தாண்டிருச்சு. கம்பெனி எடுத்துக்கிடாது” என்றார். அவள் திருப்பித் தர வந்ததாக அவர் நினைத்துவிட்டார்.

வெள்ளத்தாய் போனை எடுத்துக்கொள்ளவில்லை. மாம்பழப் பையையும் எடுத்துக்கொள்ளவில்லை. “ஊருக்குப் போக வத்ராப் பஸ்ஸு எப்ப தாயி?” என்று ஜெயபாயிடம் மட்டும் கேட்டாள். ஜெயபாய் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். பிறகு அந்தக் கடைக்குத் திரும்பி வரவில்லை. ‘முன்னறிவிப்பின்றிப் பணியை விட்டு நீங்கினார்’ என்று பதிவேட்டில் முறைப்படி எழுதப்பட்டது. வெள்ளத்தாய் அதன்பிறகு புதுப்பட்டி பூத்து வாசலில் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததாக பஸ்ஸில் வருகிறவர்கள் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அல்ல, எல்லா நாளும்.

பால்ச்சாமியை அடுத்த மாதமே கம்பெனி பயிற்சியாளர் ஆக்கியது. தேவதானம், சேத்தூர் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு அவர்தான் வகுப்பெடுக்கிறார். கழுத்தில் டை. அலாரத்துக்குத் தனி அத்தியாயம். அந்தச் சம்பவத்தைப் பற்றி யாராவது கேட்டால், கம்பெனிமேல் தப்பு, டவர் டிபார்ட்மென்ட்மேல் தப்பு, படிக்காத அந்தப் பொம்பளைமேல் தப்பு என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பால்ச்சாமியை யாரும் குறை சொல்வதில்லை. பாவம், அவருக்கு என்ன தெரியும் என்கிறார்கள். முறையாகப் பயிற்சி பெற்ற ஒரு மனிதரை இதைவிடக் கேவலமாக அவமதிக்க முடியாது. அவருடைய தகுதிக்குரிய மரியாதையை நாமாவது செய்துவிடுவோம்: அவருக்கு எல்லாம் தெரியும். அன்றைக்கும் தெரியும்.